பாவம் எத்தனையாவது பாடம்?



சென்ற இதழில் வீட்டில் இரவுச் செபம் சொல்வது பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு ஒரு தாய் தொலைபேசி எடுத்தார். ஜேர்மனிக்கு வந்து இரண்டு வருடமாகிறதாம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனைத் தங்கள் ஊர் ஆலயத்தில் புதுநன்மை வகுப்புக்கு விட்டிருக்கிறார். "வகுப்பு நடத்துறவ பாவத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லுறா இல்லை. கடவுள் உன்னை நேசிக்கிறார் எண்டு சொல்லிப் படம் கீறக் குடுக்கிறா. ஊரிலை இருந்து அம்மம்மா வட்ஸ்அப்பிலை வந்தால், பொய் சொன்னால் நரகம், பூசைக்குப் போகாட்டில் நரகம் எண்டு சொல்லுறா. பிள்ளை இரண்டு பேரையும் பாத்து முழிக்கிறான். ஆர் சொல்லுறது சரி?" இதுதான் அவருடைய கேள்வி.

இது அந்த ஒரு வீட்டின் கேள்வி மட்டுமல்ல. கத்தோலிக்கரானாலும் சரி, மெதடிஸ்த, அங்கிலிக்கன், தென்னிந்திய திருச்சபையினரானாலும் சரி, இங்கே மண்டபம் வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்தும் சபைகளைச் சேர்ந்தவர்களானாலும் சரி, புதிதாக வந்த பெற்றோர் எல்லோரும் ஒரு கட்டத்தில் இதில் வந்து முட்டுகிறார்கள். அம்மம்மாவின் வழியில் மட்டும் வளர்ந்த பிள்ளைகளிற் பலர் பதினைந்து வயதில் பயம் தெளிந்தவுடன் கோயிலையும் விட்டுவிடுகிறார்கள். படம் கீறி மட்டும் வளர்ந்த பிள்ளைக்கோ, உண்மையாகவே ஒரு பிழையைச் செய்துவிட்டு இரவில் நித்திரை வராமற் கிடக்கும்போது, அதைச் சொல்லி அழ ஒரு சொல் கைவசம் இல்லை. இரண்டுமே நட்டந்தான்.

என்னுடைய கருத்தைச் சுற்றி வளைக்காமற் சொல்லிவிடுகிறேன். பாவத்தைப் பற்றிப் பிள்ளைக்குக் கட்டாயம் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆனால் அது முதலாவது பாடமல்ல.

முதலில் அந்தச் சொல்லையே பார்ப்போம். "பாவம்" என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு முகம். செய்த குற்றத்தையும் பாவம் என்கிறோம். அடிபட்டுக் கிடப்பவனைக் கண்டால் "ஐயோ பாவம்" என்கிறோம். இரக்கப்படுவதற்கே "பாவம் பார்க்கிறது" என்றுதான் எங்கள் ஊர்ப் பேச்சில் பெயர். இங்கே பிறந்து வளரும் பிள்ளைக்கு இது பெரிய குழப்பம். அம்மா வீதியில் நிற்கும் பிச்சைக்காரரைப் பார்த்துப் "பாவம்" என்கிறா, பிறகு பொய் சொல்வதும் "பாவம்" என்கிறா! ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் ஒரு கொடை. கிறிஸ்தவம் சொல்ல வருவது கிட்டத்தட்ட இதுதான். பாவம் செய்தவன் கடவுளின் கண்ணுக்குப் பாவமாகத் தெரிகிறான். கடவுள் பாவம் பார்ப்பவர். இதை டொச் மொழியில் இப்படிச் சொல்ல முடியாது.

டொச் மொழியில் வேறு விநோதம். பாவத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் "ஸுண்டெ". அந்தச் சொல் இன்று அரைவாசிப் பகிடியாகிவிட்டது. டயற்றில் இருப்பவர் ஒரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டுப் "பாவம் செய்துவிட்டேன்" என்று சிரிப்பார். வேகமாகக் கார் ஓடிப் பிடிபட்டவர் "வீதிப் பாவி". அவருடைய கணக்கு ஃபிளென்ஸ்பூர்க் நகரில் புள்ளியாகப் பதியப்படும், எட்டுப் புள்ளி சேர்ந்தால் சாரதிப் பத்திரம் பறிபோகும். பள்ளிக்கூடத்தில் பிள்ளை கேட்கும் பாவம் இதுதான். ஆனால் இதே மொழியில் "ஷுல்ட்" என்று இன்னொரு சொல் உண்டு. குற்றம் என்பதற்கும் அதே சொல், பட்ட கடனுக்கும் அதே அடிச்சொல். கர்த்தர் கற்பித்த செபத்தில் அதுதான் வருகிறது. எங்கள் புரட்டஸ்தாந்துத் தமிழ்ச் செபத்திலும் "கடன்" என்றே இருக்கிறது. ஏஜென்சிக்குக் கட்டக் கடன் பட்டு, மாதாமாதம் வட்டி கட்டிய குடும்பங்களுக்குக் கடன் என்றால் என்ன, அது தலையில் இருந்து இறங்குவது என்றால் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

மூல மொழிகளில் இன்னும் எளிது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் பாவத்துக்கு வழங்கும் "ஹமார்த்தியா" என்பதன் அடிக்கருத்து குறி தவறுதல். எபிரேயச் சொல்லும் அப்படித்தான். நியாயாதிபதிகள் புத்தகத்தின் 20ஆம் அதிகாரத்தில் பென்யமீன் கோத்திரத்து இடதுகை வீரர் 700 பேர் வருகிறார்கள். ஒரு மயிரிழையைக் குறிவைத்துக் கவண் எறிந்தாலும் தவறமாட்டார்களாம். அங்கே "தவறுதல்" என்பதற்கு வரும் வினைச்சொல்தான் மற்ற இடங்களில் "பாவம் செய்தல்" என்று மொழிபெயர்க்கப்படுகிறது. ஒன்பது வயதுப் பொடியனுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்வான். ஆனால் குறி தவறியது என்று சொல்வதற்கு முதல் குறி எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? என் வாதம் முழுவதும் இதற்குள் அடங்கும்.

வேதாகமத்திலே தங்களைப் பாவிகள் என்று உணர்ந்தவர்களைக் கவனியுங்கள். ஏசாயா தன் உதடுகள் அசுத்தமானவை என்று கதறியது கடவுளின் மகிமையைக் கண்ட பின்பு. பேதுரு தான் பாவியென்று இயேசுவின் காலில் விழுந்தது வலை கிழியும் அளவுக்கு மீன் பட்ட பின்பு. அதுவரை இரவிரவாக ஒன்றும் படாமல் இருந்தபோது அவருக்குத் தன் பாவம் ஞாபகம் வரவில்லை! வரி வசூலித்த சகேயுவின் கதை இன்னும் தெளிவு. இயேசு அவனுடைய கணக்கைக் கேட்கவில்லை. மரத்திலிருந்து இறங்கு, இன்றைக்கு உன் வீட்டிலேதான் தங்கல் என்றார். ஊர்ச்சனம் முணுமுணுத்தது. விருந்தாளி வீட்டுக்கு வருகிறார் என்ற பின்னர்தான், சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியதற்கு நாலு மடங்கு என்று அவனாகவே வாய் திறந்தான். முதலில் அன்பு வந்தது, அதன் வெளிச்சத்தில் அழுக்குத் தெரிந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. மார்ட்டின் லூதர் 1529இல் குடும்பத் தலைவர்களுக்காக எழுதிய சிறிய ஞானோபதேசம் பத்துக் கட்டளைகளில்தான் தொடங்குகிறது. விசுவாசப் பிரமாணம் அதற்குப் பிறகே வருகிறது. நோயாளிக்கு முதலில் தன் நோய் தெரிய வேண்டும், பிறகுதான் மருந்தைத் தேடுவான் என்பது அவருடைய நியாயம். வளர்ந்தவர்களுக்கு அந்த நியாயம் பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆனால் 1563இல் வெளிவந்த ஹைடெல்பேர்க் ஞானோபதேசத்தைப் பாருங்கள். 129 கேள்வி பதில்கள். மனிதனின் அவலம், மீட்பு, நன்றி என்று மூன்று பகுதி. அவலத்தில் தொடங்கும் அந்தப் புத்தகமே, அதற்கு முன்னால் முதலாவது கேள்வியாக வாழ்விலும் சாவிலும் உனக்கு ஆறுதல் என்ன என்று கேட்டுவிட்டுத்தான் பாவத்துக்குள் போகிறது. 1992இல் வத்திக்கான் வெளியிட்ட கத்தோலிக்க மறைக்கல்வி நூலிலோ, மனிதன் கடவுளின் சாயல், அவனுடைய சுதந்திரம், மனச்சாட்சி, நற்பண்புகள் எல்லாம் சொல்லி முடிந்து எட்டாவதாகவே பாவம் வருகிறது. அந்தப் பகுதியும் இரக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. வைத்தியரை அறியாத எட்டு வயதுப் பிள்ளைக்கு நோயின் பெயரை மட்டும் சொன்னால் மிஞ்சுவது பயந்தான். அதிலும் எங்கள் பிள்ளைகளிற் சிலர் ஏற்கெனவே பயந்தவர்கள். கதவைத் தட்டினால் கட்டிலுக்குக் கீழ் ஒளிக்கும் பிள்ளைக்குச் "சாமி கண்ணைக் குத்தும்" என்று வேறு சொல்ல வேண்டுமா?

பயத்தால் பாவத்தைக் கற்றுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு பெரியவர்களின் வாழ்க்கையே சாட்சி. ஒருவர் இந்த மண்ணில் வாழ்ந்தவர், லூதர். 1505இல் எர்ஃபூர்ட் நகரத்து ஓகுஸ்தீனார் மடத்தில் சேர்ந்தபின், மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்வாராம். செய்து முடித்து எழும்பி வரும்போது விட்டுப்போன ஒன்று ஞாபகம் வரும், திரும்ப ஓடுவார். அவருடைய ஆன்ம குரு ஸ்டௌபிற்ஸ் என்பவர் அலுத்துப்போய், உன்னையே தோண்டிக்கொண்டிராமல் கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று வழி காட்டினார். அந்த ஆலோசனைக்கு லூதர் கடைசிவரை நன்றி சொன்னார்.

மற்றவர் இஞ்ஞாசியார், இயேசு சபையை நிறுவியவர். லூதருக்கு நேர் எதிர் முகாம். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே வருத்தம்! போர்வீரராக இருந்த இஞ்ஞாசியார் 1521இல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து, படுக்கையில் மனம் மாறினார். 1522இல் மொன்செராற் மடத்துக்குப் போய்த் தன் வாழ்நாள் பாவங்களை எல்லாம் எழுதி மூன்று நாளாகப் பாவசங்கீர்த்தனம் செய்தார். அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அங்கிருந்து மன்ரேசா என்ற ஊருக்குப் போனபின், எதையோ சரியாகச் சொல்லவில்லை என்ற எண்ணம் பிடித்தது. திரும்பச் சொன்னார், நிம்மதியில்லை. தெட்டத்தெளிவாகத் தெரியும் பழைய பாவத்தைத் தவிர வேறொன்றையும் இனிச் சொல்லாதே என்றார் குரு. இவருக்கு எல்லாமே தெட்டத்தெளிவாகத்தான் தெரிந்தது! ஒரு கிழமை முழுவதும் உண்ணாமல் இருந்து பார்த்தார். தான் தங்கியிருந்த அறையிலிருந்த குழிக்குள் விழுந்து உயிரை விட்டுவிடலாமா என்ற சோதனை கூட வந்தது. கடைசியில், கடந்துபோனவற்றை இனிமேல் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதில்லை என்று ஒரு நாள் தீர்மானித்து, அன்றுதான் விடுதலையானார். இதையெல்லாம் அவரே தன் முதுமையில் சொல்லி எழுதுவித்திருக்கிறார்.

இந்த வருத்தத்துக்கு லத்தீனில் உள்ள பெயரின் பொருள் "கூரான சின்னக் கல்". செருப்புக்குள் அகப்பட்ட கல் மாதிரி. கல் சின்னன்தான், ஆனால் ஒரு அடி எடுத்து வைக்க விடாது. பாவத்தைப் பற்றிக் கூடுதலாக யோசிப்பவர் கூடுதலாக ஆன்மீகத்தில் வளர்கிறார் என்று எம்மவர் நினைப்பதுண்டு. மன்ரேசாவில் இஞ்ஞாசியார் வளரவில்லை. நின்ற இடத்திலேயே சுழன்றார்.

அதே மன்ரேசாவில்தான் அவருடைய "ஆன்மீகப் பயிற்சிகள்" உருவாகத் தொடங்கியது. 1548இல் பாப்பரசர் மூன்றாம் பவுலின் அங்கீகாரத்துடன் அச்சான சிறு நூல். பட்ட பாட்டை மனிதர் வீணாக்கவில்லை. பயிற்சியை நாலு "வாரமாக"ப் பிரித்து முதல் வாரத்தைப் பாவத்துக்கு ஒதுக்கினார். ஆனால் அந்த வாரத்தின் முன்வாசலிலேயே மனிதன் எதற்காகப் படைக்கப்பட்டான் என்பதை வைத்துவிட்டார். பாவத்தைத் தியானிப்பவரைச் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் முன்னால் நிறுத்தி, ஒரு நண்பனோடு கதைப்பதுபோலக் கதைக்கச் சொல்கிறார். மிச்சம் மூன்று வாரமும் கிறிஸ்துவின் வாழ்வு, பாடு, உயிர்ப்பு. முதல் வாரத்திலேயே குடியிருக்க ஒருவரையும் அவர் விடவில்லை.

பெற்றோர்களாகிய எமக்கு அந்நூலில் மிகவும் பிரயோசனமானது அவர் சொல்லும் ஆத்தும சோதனை. ஐந்து படி. முதலாவது, இன்று கிடைத்த நன்மைகளுக்கு நன்றி. இரண்டாவது, என் பிழையை நான் காண எனக்கு வெளிச்சம் தா என்று கேட்பது. மூன்றாவதாகத்தான் அன்றைய நாளின் கணக்கு. நாலாவது மன்னிப்பு. ஐந்தாவது, நாளைக்கு எப்படி என்ற தீர்மானம். தலைப்பில் நான் கேட்ட கேள்விக்கு இஞ்ஞாசியாரின் விடை மூன்று. எந்தச் சபையாரும் இதைச் செய்யலாம், குருவானவர் தேவையில்லை, பத்து நிமிடம் போதும். சின்னப் பிள்ளையென்றால் ஐந்து நிமிடம்.

படுக்கப் போகுமுன் பிள்ளையிடம் "இண்டைக்கு என்ன நல்லது நடந்தது?" என்று கேளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் "ஒண்டுமில்லை" என்பான். விடாதீர்கள். மதியம் பள்ளிக்கூடத்தில் தந்த நூடில்ஸ் என்று தொடங்குவான். பிறகு "ஆருக்காவது நோகச் செய்தனியோ?" என்று கேளுங்கள். "என்ன பாவம் செய்தாய்?" என்று பொலிஸ்காரன் மாதிரிக் கேட்டால் பிள்ளை இல்லாத ஒன்றை உருவாக்கிச் சொல்லும் அல்லது இருந்த ஒன்றை ஒளிக்கும். ஒன்றைச் சொன்னால் அதைப் பிறகு சண்டை வரும்போது தூக்கி முகத்தில் எறியாதீர்கள். இரவில் செபத்தில் சொன்னது காலையில் அடிக்குக் காரணமானால், அந்தப் பிள்ளை இனி உங்களிடமும் சொல்லாது, கடவுளிடமும் சொல்லாது. முக்கியமானது இன்னொன்று: தாய் தகப்பனும் தங்கள் முறை வரும்போது சொல்ல வேண்டும். "அப்பா இண்டைக்கு அம்மாவோடை கத்தினது பிழை" என்று தகப்பன் ஒரு நாள் சொல்லிவிட்டால், பத்து வகுப்பில் படிக்க முடியாததைப் பிள்ளை படித்துவிடும்.

சரி, மூன்றாம் படிக்கு வந்தால் எதைப் பாவம் என்று சொல்வது? இங்கேதான் புதுநன்மை வகுப்பு நடத்துபவரோடு எனக்குச் சண்டை. இந்தப் படியைத் தாண்டிப் பாய முடியாது. கடவுள் அன்பானவர் என்று சொல்லி, பிள்ளை மற்றப் பிள்ளையின் மூக்கை உடைத்ததைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால், உடைந்த மூக்குக்காரப் பிள்ளைக்கு அந்த அன்பில் என்ன பங்கு? தாவீது அரசன் உரியாவின் மனைவியை எடுத்து உரியாவையும் கொல்வித்தபோது, நாத்தான் தீர்க்கன் பேசாமல் இருக்கவில்லை. ஆனால் விரல் நீட்டிக்கொண்டும் போகவில்லை. ஒரேயொரு ஆட்டுக்குட்டி வைத்திருந்த ஏழையின் கதையைச் சொன்னான். அரசனுக்கே கோபம் வந்து தீர்ப்புச் சொன்ன பிறகுதான் "அந்த ஆள் நீதான்" என்றான். கதை சொல்லிப் பிள்ளையின் வாயாலேயே தீர்ப்பை வரவழைப்பது எங்கள் பாட்டிமாருக்குக் கைவந்த கலை. அம்மம்மாவிடம் நரகத்தைக் குறைத்து இதைக் கேளுங்கள், நன்றாகச் செய்வா.

ஊரில் நாங்கள் மனப்பாடம் செய்த பட்டியல்களில் பொய், களவு, பூசைக்குப் போகாதது, வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிட்டது எல்லாம் இருந்தன. சாதி இருக்கவில்லை. கோயிலுக்குள்ளேயே ஆருக்கு எந்த இடம் என்று இருந்த காலத்தில், அது பாவமென்று சிறு பிள்ளைக்கு எழுதிக் கொடுக்க ஆருக்கும் கை வரவில்லை. இங்கே வளர்ந்த பிள்ளை, கலியாணப் பேச்சு வரும்போதுதான் அந்தச் சொல்லையே முதன்முதல் கேட்கிறது. கேட்டுவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்கிறது. சீட்டுப் பிடித்து ஊர்ச்சனத்தின் காசோடு மறைவது, குடித்துவிட்டு மனைவிக்கு அடிப்பது, புதிதாக வந்தவனைக் கடையில் வேலைக்கு வைத்துப் பாதிச் சம்பளம் கொடுப்பது ஆகியனவும் பட்டியலில் எழுதப்பட வேண்டியவை. சகேயுவின் நாலு மடங்கு யூரோவிலும் கணக்குப் பார்க்கக் கூடியதே.

எதைப் பாவமென்று சொல்லக்கூடாது என்பதையும் எழுதியாக வேண்டும். எம்மவருக்கு இது அதைவிட முக்கியம்.

"நாங்கள் என்ன பாவம் செய்தோமோ?" எங்கள் வீடுகளில் இதைக் கேட்காத நாளில்லை. சைவ வீட்டிலும் கேட்கிறது, வேத வீட்டிலும் கேட்கிறது. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில், ஷெல்லுக்குப் பயந்து ஒதுங்கியிருந்த சனத்தின் மேல் விமானப் படையின் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். 2019 உயிர்ப்பு ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற சிறு பிள்ளைகளும் அடக்கம். முள்ளிவாய்க்காலைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, அங்கிருந்து வந்தவர்களும் இப்பத்தியை வாசிக்கிறார்கள். இவர்களெல்லாம் செய்த பாவத்துக்கா?

இந்தக் கேள்வியை இயேசுவிடமும் கேட்டார்கள். லூக்காவின் 13ஆம் அதிகாரம். பலி செலுத்தப் போன இடத்தில் பிலாத்து கொல்வித்த கலிலேயரைப் பற்றிச் சொன்னார்கள். வழிபாட்டிலேயே கொல்லப்பட்டவர்கள். சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து இறந்த 18 பேரை இயேசுவே எடுத்துச் சொன்னார். இவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா? இல்லை என்று இரண்டு தரமும் மறுத்தார். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோதும் இரண்டுமில்லை என்றார். எல்லோரும் மனந்திரும்ப வேண்டும் என்று அதே மூச்சில் சொல்லவும் செய்தார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் செத்தவனுடைய சாவைக் கொண்டு அவனுடைய பாவத்தைக் கணக்கிடும் வேலைக்கு அவர் இடம் கொடுக்கவேயில்லை.

ஆகவே பிள்ளையின் காதில் விழ "எங்கடை பாவம்தான் இப்பிடி அலையுறம்" என்று சொல்லாதீர்கள். பிள்ளை அதைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளும். தம்பியை விட்டுவிட்டு வந்தேன், தாயின் செத்த வீட்டுக்குப் போகவில்லை, நான் மட்டும் தப்பினேன் என்று உள்ளுக்குள் அரிக்கிறதே, அது பாவமல்ல. துக்கம். நாலாம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், மனிதரை வந்து மோதும் எட்டுக் காரியங்களைப் பட்டியலிட்டபோது அவற்றைப் பாவங்கள் என்று சொல்லவில்லை, "எண்ணங்கள்" என்றார். துயரமும் அதில் ஒன்று. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பாப்பரசர் கிரகோரியார் அதைத் திருத்தித்தான் பின்னாளில் ஏழு தலையான பாவங்கள் வந்தன. எண்ணம் வருவதைத் தடுக்க முடியாது, வந்ததை என்ன செய்கிறோம் என்பதே எங்கள் பொறுப்பு என்று அவர் விளங்கிச் சொன்னார். துக்கத்தைப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் கொண்டுபோய் வைத்தால் அது தீராது. அழுது, கதைத்து, தேவைப்பட்டால் வைத்தியரிடமும் காட்டித்தான் தீர வேண்டும்.

இதோடு சேர்ந்தது இன்னொரு கேள்வி. பிள்ளைகள் கேட்கிறார்கள், பெரியவர்கள் கேட்க வெட்கப்படுகிறார்கள். "நாங்கள் வரேக்கை வேறை பேரிலை வந்தம், அது பொய்தானே?" பார்வோனிடம் பொய் சொல்லி எபிரேயக் குழந்தைகளைக் காப்பாற்றிய மருத்துவிச்சிகளுக்குக் கடவுள் நன்மை செய்தார் என்று யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. புனித ஓகுஸ்தீனார் இதைப் பற்றி நிறைய யோசித்து, எந்தப் பொய்யும் பொய்தான், அவர்களுடைய இரக்கத்துக்கே பரிசு கிடைத்தது, பொய்க்கல்ல என்று எழுதினார். அவர் காலத்தவரான காசியான் என்ற துறவியோ, உயிராபத்தில் அதை நச்சு மருந்து மாதிரி, வேறு வழியில்லாதபோது பாவிக்கலாம் என்ற பக்கம் நின்றார். பெரியவர்களே இரண்டு பட்ட விடயம். சட்டத்தின் பக்கம் பார்த்தாலும், உயிராபத்துள்ள நாட்டிலிருந்து நேரடியாக வந்து தாமதியாமல் அதிகாரிகளிடம் சொல்லும் அகதியை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக்கூடாது என்றே 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு கூறுகிறது. பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது சுருக்கம்: அது அப்பா அம்மா உயிர் தப்ப எடுத்த முடிவு, உன் தலையில் அதில் ஒன்றுமில்லை, இப்போது ஆபத்து இல்லை, ஆகவே இப்போது உண்மைதான் பேச வேண்டும். பெரியவர்களுக்கு மனம் உறுத்தினால் ஒரு குருவானவரிடமோ போதகரிடமோ தனியே கதையுங்கள்.

கத்தோலிக்கருக்கு ஒரு விடயம் சொல்லி முடிக்கிறேன். "டொச் தெரியாது, தமிழ்க் குருவானவர் எங்கடை பக்கம் வாறது எப்பவாவதுதான்" என்று சொல்லி வருடக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இருப்பவர்கள் பலர். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மூலமாகவும் அதைச் செய்யத் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 990ஆம் இலக்கம். மொழிபெயர்ப்பவரும் கேட்டதை வெளியில் விடக்கூடாது என்று 983ஆம் இலக்கத்தில் கட்டளை இருக்கிறது. கட்டாயமென்று இல்லை, விரும்பினால் செய்யலாம். ஆனால் அந்த வேலைக்கு உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். டொக்டரிடமும் கந்தோரிலும் எங்களுக்காக மொழிபெயர்த்தே அந்தப் பிள்ளைகளுக்குக் களைத்துப்போய்விட்டது. நம்பிக்கையான வளர்ந்தவர் ஒருவரைப் பாருங்கள். புதுநன்மைப் பிள்ளையோ தனக்கு வசதியான மொழியில் சொல்லட்டும். வகுப்பறையில் டொச்சிலே சண்டை பிடித்த பிள்ளைக்கு, அதை டொச்சிலே சொல்வதுதான் இலகு. வீட்டில் தங்கச்சிக்குத் தமிழில் ஏசியிருந்தால், அதை மட்டும் எப்படிச் சொல்வதென்று முதல்நாளே நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.